விரதம் இருந்து வீங்கிய பெருவிரல்

திருப்பூர் மாநகரில், பனியன் கம்பெனிகளுக்கு நடுவே, மடியில் பிள்ளையும் காதில் போனுமாக வீற்றிருக்கும் என் அக்காள் மகள், என் ஒரே மருமகள், சௌபாக்கியவதி துர்காதேவிக்கு, நயினார்கோவிலுக்குக் கிழக்கே, வருகிற பஸ்ஸில் பாதி நிற்காமலே போகிற நம் ஊரிலிருந்து உன் தாய்மாமன் வீரபத்திரன் ஆசீர்வாதம் பல கூறி எழுதிக்கொண்டது. இங்கு நானும், உன் அத்தை இருளம்மாளும், இரண்டு பசுவும், ஒரு கன்றும் நலம். என் வலது கால் பெருவிரல் மட்டும் இந்த வாக்கியத்தில் சேர மறுத்து, சில நாள் தனியே நின்று, இப்போது மெல்ல நலத்தை நோக்கி வந்துகொண்டிருக்கிறது. அங்கு நீயும், மாப்பிள்ளை யோகேஸ்வரனும், என் பேத்தியும், உங்கள் மூவரின் கால் விரல்கள் முப்பதும் குறைவின்றி இருக்கக் காளியம்மன் துணை நிற்பாளாக.

தாயி, இப்போது நான் சொல்லப்போகிற கதையை ஒருத்தரும் நம்பப்போவதில்லை என்று முதலிலேயே சத்தியம் செய்து கொடுக்கிறேன். போனிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் போனில் நான் தொண்டையைச் செருமும்போதே, “மாமா, கதை விடாதீக” என்று சிரித்துக்கொண்டே வைத்துவிடுகிறாய். கடிதத்தை அப்படி வைக்க முடியாது. கிழித்துப் போடலாம், ஆனால் படிக்காமல் கிழிக்கிற பெண்பிள்ளை நம் வம்சத்தில் இன்னும் பிறக்கவில்லை.

போன தை மாதம் நீ வலியெடுத்து ஆஸ்பத்திரிக்குள் போய், டாக்டர்கள் கொஞ்சம் சிக்கல் என்று சொல்லி, உன் அம்மா எனக்குப் போன் போட்டு அழுதாளே, அன்றைக்கு நான் தொழுவத்தில் சாணிக்கூடையோடு நின்றுகொண்டிருந்தேன். கூடையை இறக்கிவைக்கவும் தோன்றவில்லை. அப்படியே கிழக்கே பார்த்து, “ஆத்தா, தாயும் பிள்ளையும் நல்லபடியா ரெண்டு உசிராப் பிரிஞ்சு வந்துட்டா, பங்குனிப் பொங்கலுக்கு நான் பூக்குழி எறங்குறேன்” என்று வேண்டிக்கொண்டேன். கூடையை இறக்குவதற்குள் பெண் பிள்ளை என்று செய்தி வந்துவிட்டது. அம்மன் இவ்வளவு சுறுசுறுப்பு என்று தெரிந்திருந்தால் கொஞ்சம் சின்னதாகவே வேண்டியிருப்பேன். மொட்டை போடுவதோடு முடிந்திருக்கும். தலையில் இருப்பதும் சொற்பம்தான்.

நீ ஊரைவிட்டுப் போய் நாளாயிற்று, அதனால் பூக்குழிச் சட்டத்தை ஒருமுறை ஞாபகப்படுத்துகிறேன். கையில் மஞ்சள் காப்பு ஏறிவிட்டால் கறி கிடையாது, மீன் கிடையாது, பாட்டில் கிடையாது, ஊர் எல்லைக்கு வெளியே ராத்தங்கல் கிடையாது. விரதம் பிசகாதவனுக்குத் தீக்கங்கு பூவாக இருக்கும். பிசகினவனுக்குக் கால் பொசுங்கும். பொசுங்கின காலோடு ஒருவன் நொண்டினால், அவன் திருட்டுத்தனமாகக் கறி தின்றான் என்று ஊர் தீர்ப்பு எழுதிவிடும். அப்பீல் கிடையாது.

என்னைப் பற்றி உனக்கே தெரியும். தேவிபட்டினத்தில் நண்டுகள் கரையேறும்போது, “வீரபத்திரன் வந்துருக்காரா?” என்று விசாரித்துக்கொண்டுதான் ஏறும். ஆட்டு ஈரலும் நெத்திலிக் கருவாடும் என்னை நம்பித்தான் இந்தச் சீமையில் பிழைக்கின்றன. அந்த விசுவாசத்துக்குப் பரிசாகத்தான் யூரிக் ஆசிட் என்கிற சீமான் ஆறேழு வருஷத்துக்கு முன்னால் என் பெருவிரலில் வாடகையில்லாமல் குடியேறினார். வருஷத்துக்கு ஓரிரு தடவை விரலுக்குள் திருவிழா நடத்துவார். போன வருஷத்திலிருந்து டாக்டர் கொடுத்த தினசரி மாத்திரையால் கொஞ்சம் அடங்கிக் கிடந்தார்.

காப்புக் கட்டியதும் நான் என்ன செய்தேன் தெரியுமா? இதைத்தான் யாரும் நம்பமாட்டார்கள். ஒழுங்காக இருந்தேன். வேண்டுதல் உன் பிள்ளை பேரில் வைத்தது; அதில் விளையாட மனம் வரவில்லை. ஊர் முழுக்க ஒருவேளைச் சாப்பாடு என்றால் நான் அரைவேளை. எச்சில் விழுங்கினாலும் விரதம் போய்விடுமோ என்று தண்ணீரையும் குறைத்தேன். மாத்திரையும் வயிற்றுக்குள் போகிற வஸ்துதானே என்று அதையும் நிறுத்தினேன். பங்குனி வெயிலில், நிழலே நிழல் தேடி அலைகிற நேரத்தில், பூக்குழிக்குக் கருவேல விறகு சுமந்தேன். விசுவாமித்திரர் பார்த்திருந்தால் கமண்டலத்தைக் கீழே வைத்துவிட்டு என்னிடம் டியூஷன் சேர்ந்திருப்பார்.

நாலைந்து நாள் போயிருக்கும். ஒரு காலையில் உன் அத்தை வந்து எழுப்பினாள்.

“என்னங்க, எந்திரிங்க. கோயிலுக்கு நேரமாச்சு.”

“இருளு, ஃபேன நிறுத்து.”

“வேர்த்துக் கொட்டுது. எதுக்கு நிறுத்தணும்?”

“காத்து வெரல்ல படுது.”

அவள் குனிந்து பார்த்தாள். “ஆத்தாடி! தக்காளிப் பழமாட்டம் இருக்கே! என்னத்தத் தின்னீக?”

“ஒண்ணும் திங்கலடி.”

“பொய் சொல்லாதீக. கையில காப்பு இருக்கு.”

என் சொந்தப் பெண்டாட்டியே நம்பவில்லை, தாயி. அந்த வலியை நான் எப்படி எழுதுவேன்? விரலுக்குள் யாரோ கண்ணாடிச் சில்லுகளைக் கொட்டி, அதன்மேல் டிராக்டர் விட்டு மிதித்தார்கள். போர்வை நுனி உரசினால் நெல் மூட்டை விழுந்த மாதிரி இருந்தது. ஒரு ஈ வந்து விரல்மேல் உட்கார்ந்தது. அதன் ஆறு கால்களில் எந்தக் கால் கொஞ்சம் கனம் என்று என்னால் சொல்ல முடிந்தது. நான் போட்ட சத்தத்தில் தனுஷ்கோடிப் பக்கம் நாரைகள் கிளம்பி இலங்கைக்குப் போய்விட்டன. அவை திரும்பி வந்ததாக இன்னும் தகவல் இல்லை.

உன் அத்தை டிவிஎஸ்ஸை எடுத்தாள். நான் பின்னால் உட்கார்ந்து, வலது காலைப் பீரங்கி மாதிரி பக்கவாட்டில் நீட்டிக்கொள்ள, தேவிபட்டினம் போனோம். எதிரே வந்த கவர்மெண்டு பஸ் என் விரலைப் பார்த்து, ஏதோ மந்திரியின் சிவப்பு விளக்கு என்று நினைத்து ஒதுங்கி வழிவிட்டது. அங்கே புதிதாகக் கிளினிக் வைத்திருக்கிற டாக்டரம்மா சஃபா, உன் வயசுதான் இருக்கும், விரலைத் தொடாமலே பார்த்தார். தொடாமல் பார்க்கிற டாக்டர்தான் டாக்டர்.

“அய்யா, உண்மையச் சொல்லணும். நண்டா, கருவாடா?”

நான் கையைத் தூக்கிக் காப்பைக் காட்டினேன். “வெரதம் தாயி. வாயில ஒண்ணும் வைக்கல.”

“தண்ணி?”

“அதையும் கொறச்சுட்டேன்.”

“தெனமும் போடுற மாத்திரை?”

“நிறுத்திட்டேன்.”

டாக்டரம்மா பேனாவை மேஜைமேல் வைத்துவிட்டார். “கறி மீன விட்டது நல்ல காரியம். ஆனா பட்டினி கெடந்து, தண்ணி இல்லாம வெயில்ல திரிஞ்சு, மாத்திரையையும் நிறுத்துனா அந்த ஆசிட்டு ரத்தத்துல கூடத்தான் செய்யும். நீங்க சாமிக்கு இருக்கீங்கன்னு கிட்னிக்குத் தெரியுமாய்யா?”

பிறகு வரிசையாகச் சொன்னார். காலைத் தலையணைமேல் உயர்த்தி வைக்க வேண்டும். ஐஸைத் துணியில் சுற்றி, விட்டு விட்டு வைக்க வேண்டும். சுடுமணல் ஒத்தடம், நல்லெண்ணெய் உருவல் எதுவும் கிட்டேயே வரக்கூடாது. தண்ணீர் நிறைய. வலி மாத்திரை, சாப்பிட்ட பிறகு. தினசரி மாத்திரையை மறுபடி எப்போது தொடங்குவது என்று அவர் சொல்வார், நானாக வைத்தியம் பார்க்கக்கூடாது. எல்லாம் சொல்லிவிட்டு என் காப்பைப் பார்த்தார். “வீங்குன காலோட தீயில எறங்க நான் சம்மதிக்க மாட்டேன். அதுக்கு மேல நீங்களாச்சு, ஒங்க அம்மனாச்சு.”

ஐஸுக்கு எங்கே போவது? நம் வீட்டு ஃபிரிட்ஜில் தண்ணீர் உறைய ஒரு ஐப்பசி மழைக்காலம் ஆகும். உன் அத்தை என்னைக் கட்டிலில் போட்டுவிட்டு, ஊர் முக்குக்குப் போய், மீனெல்லாம் விற்றுவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்த மீன்காரரை மறித்து, மிச்சமிருந்த ஐஸோடு அவருடைய தெர்மாகோல் பெட்டியையே வாங்கித் தலையில் வைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தாள். காப்புக் கட்டியவன் வீட்டுக்குள், பட்டப்பகலில், மீன் பெட்டி. அவளுக்கு என் விரல்தான் கண்ணில் நின்றதே தவிர ஊர் நிற்கவில்லை. ஆனால் எதிர்வீட்டில் முனியசாமி நின்றார்.

முனியசாமி எனக்குப் பங்காளி முறை. நம் அடுப்படியில் கடுகு வெடித்தால் அவர் வீட்டில் தும்முவார். அவர் ஒன்றும் பெரிதாகச் சொல்லவில்லை. “வீரபத்திரன் வீட்டுக்கு மீன் பெட்டி போகுது” என்று மட்டும்தான் சொன்னாராம். அது ஊருணிக்கரையைத் தாண்டும்போது பெட்டி நிறைய வஞ்சிரமாகி, டீக்கடை வாசலில் ஒரு லாரியாகி, கோயில் வாசலுக்குப் போய்ச் சேரும்போது, நான் உச்சிப்புளிப் பக்கம் கரை ஒதுங்கிய திமிங்கலம் ஒன்றைத் துண்டுபோட்டுக் கொண்டுவரச் சொல்லி, வாலை மட்டும் விருந்தாளிக்கு ஒதுக்கியிருப்பதாக ஆகிவிட்டது.

அன்று சாயங்காலமே கோயில் கமிட்டி என் கட்டிலைச் சுற்றி நின்றது. தலைவர் பாண்டித்துரை அண்ணன் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு, என் முகத்தைப் பார்க்காமல் விரலைப் பார்த்தே பேசினார்.

“வீரபத்திரா, ஒரு பேச்சு வருது. நீ காப்புக் கட்டுனவன்.”

“ஆமாண்ணே.”

முனியசாமி முன்னால் வந்தார். “என்ன விசாரண வேண்டிக் கெடக்கு? கால நல்லாப் பாருங்கப்பா. எல்லாருக்கும் தீயில எறங்கிட்டுத்தான் பொசுங்கும். இவனுக்கு எறங்குறதுக்கு முன்னாடியே பொசுங்கியிருக்கு. ஆத்தா அட்வான்ஸாவே குடுத்துட்டா!”

கூட்டம் சிரித்தது. நானும் சிரித்திருப்பேன், வேறொருவன் விரலாக இருந்தால். “காப்ப அவுத்துருவமா?” என்று யாரோ பின்னாலிருந்து கேட்டார்கள். அப்போதுதான் தாயி, விரல் வலி மறந்து வேறோர் இடத்தில் வலித்தது. காப்பை அவிழ்த்துவிட்டால் வேண்டுதல் பாதியில் நிற்கும். தொழுவத்தில் நின்று நான் கொடுத்த வார்த்தை, உன்னையும் அந்தக் குட்டியையும் முன்னிட்டுக் கொடுத்தது. என் பேரில் ஆயிரம் பொய் இருக்கலாம். அதில் ஒன்று உன் பிள்ளை தலைமேல் போய் உட்காரக்கூடாது. வாயைத் திறந்தேன். நாற்பது வருஷமாகக் கதை விட்டுப் பழகிய வாய்க்கு, உண்மையை எந்தப் பக்கமிருந்து தொடங்குவது என்று தெரியவில்லை. மூடிக்கொண்டேன்.

உன் அத்தைதான் பெட்டியைத் தூக்கி நடுவில் வைத்தாள். “தொறந்து பாருங்க.”

முனியசாமி திறந்தார். ஐஸ். கையைவிட்டுத் துழாவினார். ஐஸ். கடைசியில் மூலையில் ஒட்டியிருந்த ஒரு மீன் செதிலை, தங்கக்காசு கண்டெடுத்தவர் மாதிரி, இரண்டு விரலில் தூக்கிக் காட்டினார்.

“இதென்ன?”

“செதிலு,” என்றாள் உன் அத்தை.

“மீனு எங்க?”

“ஒத்தச் செதில வச்சு நான் என்ன கொழம்பு வைக்கட்டும் கொழுந்தனாரே? பக்குவம் சொல்லுங்க, வச்சு ஒங்க வீட்டுக்கே குடுத்து விடுறேன்.”

சொல்லிவிட்டு டாக்டரம்மாவுக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தாள். பாண்டித்துரை அண்ணன் போனைக் கும்பிட்டுவிட்டே பேசினார். “டாக்டரம்மா, நாங்க கோயில் கமிட்டி. இவன் வெரதத்துல கவிச்சி தின்னுருக்கானா, அதனாலதான் காலு வீங்கியிருக்கா? நீங்க சொன்னா சரி.”

“அவரு இன்னைக்கு என்னத்தச் சாப்புட்டாருன்னு நான் பாக்கலய்யா. ஆனா வாயெல்லாம் காஞ்சு, நாக்கு வறண்டு வந்தாரு. கறியும் மீனும் தின்னா வர்றதுதான் இது. பட்டினி கெடந்து தண்ணி குடிக்காட்டியும் வரும். அய்யாவுக்கு வந்தது ரெண்டாவது வழியில. கொஞ்சம் ஏமாத்தி ரெண்டு சொம்புத் தண்ணி குடிச்சிருந்தாக்கூட இவ்வளவு வீங்கியிருக்காது.”

வீரபத்திரன் ஏமாற்றவில்லை என்று வெளியார் ஒருவர் சாட்சி சொன்னது என் ஐம்பத்தெட்டு வருஷ வாழ்க்கையில் அதுவே முதல் தடவை. டாக்டரம்மா மேலும் சொன்னார். “எங்க ஆளுகள்ல இந்த நோவு இருக்குறவங்க நோன்புக்கு முந்தியே வந்து என்கிட்ட கேட்டுட்டுப் போவாங்க. நோன்பு தொறந்ததும் நல்லாத் தண்ணி குடிங்க, மாத்திரைய விடாதீங்கன்னு சொல்லி அனுப்புவேன். இவரும் அப்புடிக் கேட்டுருக்கலாம். இப்பவும் ஒண்ணும் கெட்டுப் போகல. இன்ஷா அல்லாஹ், வத்திரும்.”

பாண்டித்துரை அண்ணன் தொண்டையைச் செருமினார். “ஆத்தா நம்ம ஊருக்குள்ள வாறதே கரகத்துத் தண்ணியிலதானப்பா. தண்ணி குடிச்சா வெரதம் போகுமாக்கும்? தண்ணிக்கும் மாத்திரைக்கும் விலக்கு உண்டு. காப்பு இருக்கட்டும்.” எல்லோரும் கலையப் பார்த்தார்கள். அப்போது முனியசாமி மட்டும் போனுக்கருகே குனிந்து, குரலைப் பாதியாக்கிக் கேட்டார்.

“தாயி, சும்மா ஒரு வெவரத்துக்குக் கேக்குறேன். கணுக்கால்ல வந்தாலும் இதேதானா?”

“யாருக்கு?”

“ஒரு சிநேகிதருக்கு.”

“சிநேகிதர நாளைக்குக் காலையில ரத்தம் டெஸ்ட் பண்ண வரச் சொல்லுங்க. அவருக்குப் பதிலா நீங்களே வந்தாலும் சரிதான்.”

உன் அத்தை பெட்டியை அவர் பக்கம் நகர்த்தினாள். “ஐஸ் மிச்சம் இருக்கு கொழுந்தனாரே. சிநேகிதருக்குக் கொண்டு போங்க.” கொண்டுபோனார் தாயி! தலையில் வைத்துக்கொண்டு, அதே மீன் பெட்டியை, அதே தெரு வழியாக!

அதற்குப் பிறகு நான் குடித்த தண்ணீர் இருக்கிறதே, சரித்திரத்தில் எழுத வேண்டியது. ஊருணியில் ஒரு படி வெளியே தெரிந்தது. பாம்பன் பாலத்துக்கடியில் கடல் ஒரு சாண் இறங்கி, ரயிலில் போனவர்கள் எட்டிப் பார்த்தார்களாம். கொல்லைப்பக்கம் நான் போய்வந்த புண்ணியத்தில் பட்டுப்போன வாழை குலை தள்ளியது. கால் தலையணைமேல், தலையணை டிரங்குப் பெட்டிமேல், ஐஸ் துணிக்குள், உன் அத்தை முக்காலிமேல். அசையக்கூடாது என்றால் அசையவில்லை. ஒவ்வொரு நாளும் தக்காளி கொஞ்சம் கொஞ்சமாகக் காயாகி, பிஞ்சாகி, கடைசியில் விரல் மாதிரியே ஆகிவிட்டது. இனிமேல் இந்தச் சீமானை வீட்டைவிட்டுக் காலி செய்ய முடியாவிட்டாலும், சத்தம் போடாமல் குடியிருக்க வைக்கலாம் என்று டாக்டரம்மா சொல்லிவிட்டார். தினசரி மாத்திரையைத் தொடங்கியாயிற்று. சாமி கும்பிடுகிற நேரத்துக்கே அதையும் வைத்துக்கொண்டேன். இரண்டில் எது மறந்தாலும் இன்னொன்று ஞாபகப்படுத்தும்.

இனி பூக்குழி. மேளம் முழங்க, கரகம் ஆட, கங்கு தகதகவென்று ஊரளவுக்குப் பரந்து கிடந்தது. நான் இரண்டு காலையும் தரையில் ஊன்றி நின்றேன். டாக்டரம்மா தடுத்தார், கமிட்டி தடுத்தது, கலெக்டரே போன் போட்டுத் தடுத்தார் என்று வைத்துக்கொள். கேட்பேனா? இறங்கினேன். தீ என்னைக் கண்டதும் இரண்டு பக்கமும் விலகி, “மாமா, பாத்து வாங்க” என்றது. நடுக்குழியில் நின்று நாலு திசைக்கும் கும்பிடு போட்டு, போட்டோ எடுக்கிறவர்களுக்கு முகத்தைத் திருப்பிக் காட்டி, போதாதென்று திரும்பவும் ஒருமுறை போய்வந்தேன். கங்கெல்லாம் குளிர்ந்து மல்லிகையாகிவிட்டதால், எனக்குப் பின்னால் வந்தவர்களுக்காக மறுபடி விறகு அடுக்க வேண்டியதாயிற்று. உன் அத்தை கரையில் நின்று கண்ணீர் விட்டாள். வேண்டுதல் முடிந்தது. உன் பிள்ளை கணக்கு அம்மனிடம் நேராயிற்று.

பேத்திக்குப் பூசாரி கொடுத்த திருநீற்றை இத்துடன் மடித்து வைத்திருக்கிறேன், நெற்றியில் இட்டு, மிச்சத்தைத் தொட்டிலில் முடிந்துவை. அவள் நடக்கப் பழகும்போது விழுந்தால் தரையை அடிக்காதே, தரைமேல் தப்பில்லை. மாப்பிள்ளைக்கு என் ஆசீர்வாதமும் ஒரு சொம்புத் தண்ணீரும். அக்காளிடம் தம்பி கும்பிட்டதாகச் சொல். நீ மகராசியாக, மஞ்சள் குங்குமத்தோடு, மாமன் கடிதத்தை முழுசாகப் படிக்கிற பொறுமையோடு நீடூழி இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
தீயை மிதித்துத் தீ அழுததைக் கேட்டவன்,
உன் தாய்மாமன்
வீரபத்திரன்

பின்குறிப்பு: உறையில் போடுவதற்குள் உன் அத்தை இதைப் படித்துவிட்டாள். “நெசத்த எழுதுறீகளா, நான் போன் பண்ணட்டுமா?” என்கிறாள். ஆகவே நானே எழுதிவிடுகிறேன். தீயில் நான் இறங்கவில்லை. வீக்கம் வற்றியும் டாக்டரம்மா ஒப்பவில்லை. அவர் சொன்னதை நானும் மீறவில்லை. இறங்கியது உன் அத்தை. கமிட்டி வந்து போன அன்றைக்கே பூசாரியிடம் போய், “வேண்டுதல் வீட்டுக்குத்தான சாமி, நான் எறங்குறேன்” என்று காப்புக் கட்டிக்கொண்டு வந்திருக்கிறாள். என் கையில் காப்பு ஏறிய முதல் நாளிலிருந்தே நான் தின்னாததை அவளும் தின்னவில்லை, நான்தான் கவனிக்கவில்லை. என் விரலுக்கு ஐஸ் வைத்த கையில்தான் அந்த மஞ்சள் கயிறு இருந்திருக்கிறது. நான் விரலையே பார்த்துக்கொண்டிருந்தேன், கையைப் பார்க்கவில்லை. ஈரச் சேலையோடு, ஓடாமல், வாரச்சந்தைக்குப் போகிறவள் மாதிரி நடந்து தீயைக் கடந்தாள். குழி முடிகிற இடத்தில் பால் ஊற்றிய பள்ளம். அதைத் தாண்டி நான். ஏறி வந்தவள் தன் காலைப் பார்க்கவில்லை. என் காலைப் பார்த்தாள்.

“நின்னுக்கிட்டா இருக்கீக? வலிக்கலயா?”

வலிக்கவில்லை என்றேன். இரண்டு காலையும் தரையில் ஊன்றி நின்றேன் என்று மேலே ஒரு வரி எழுதியிருக்கிறேன் பார், என் வீரத்தில் அந்தச் சின்ன வரி மட்டும் உண்மை.